விளையாட்டில் கட்டிய வீடு

நாற்பத்தெட்டு வயதில் மாயக்கோட்டைக் கதை படிப்பதில் ஒரு லாபம் உண்டு: ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ராகலை பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் போனை நீட்டினாள்.

“அண்ணி, நானும் அவரும் வீடு கட்டிட்டோம்.”

“குவைத்துல இருக்கிற என் தம்பி எப்படிடீ கட்டுனான்?”

“கேம்ல அண்ணி. அவரு லீவு நாள்ல ரெண்டு பேரும் சேந்து வெளையாடுவோம்.”

“காணி எவ்வளவு?”

“கண்ணுக்கு எட்டுற மட்டும் நம்மளோடதுதான்.”

“அப்புறம் ஏன்டீ தோட்டத்து லயத்துக் காம்பரா மாதிரி ஒத்த ரூம்?”

“மொதல்ல அரமனதான் கட்டுனோம். உள்ள போனா அவரக் காணோம். ரூம் ரூமா தேடுறதுக்குள்ள அவரு லீவே முடிஞ்சிருச்சு. இடிச்சிட்டோம். இதுன்னா கதவத் தொறந்ததுமே நிக்கிறாரு.”