முதலாளிக்கு இன்னொரு பிடி

தங்கமீனுக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது. போதும் என்று அதற்குத் தெரியாது. போடப் போடத் தின்னும். எங்கள் கோரியாமாவில் மீன்குளத்துக் கரையில் வளர்ந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். உட்காருங்கள் ஃபுகாமி அம்மா. மருத்துவமனை ஊசிப் பெட்டியைக் கீழே வையுங்கள். நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

என் கணவர் தெய்ஸோ எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த தங்கமீனை முதலாளி என்று கூப்பிடுவார். முதுகில் துடுப்பில்லாமல், அரிசிமாவு உருண்டை மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும், "முதலாளி சாப்பிட்டாரா?" என்பார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கில்லை, அவ்வளவுதான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு மீன் வளர்ப்போர் சங்கத்துக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். துடைத்த அடுப்பையே துடைப்பேன். வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன், மறுபடி திறப்பேன்.

ஒருநாள் முதலாளி மல்லாந்துவிட்டார். வெள்ளை வயிறு மேலே, வாய் கீழே. உருண்டை மீன்களுக்கு வருகிற நோய்தான். அன்று இவர் சங்கத்துக்குப் போகவில்லை. தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். தண்ணீரைக் குறைத்தார், உப்புக் கரைத்தார், இரையை நிறுத்தினார்.

"என்ன உப்பு போட்டே?"

"நீங்க சொன்ன கல்லுப்புதாங்க."

"கரைஞ்சுதான்னு பாத்தியா? கொஞ்சம் வெந்நி கொண்டா. கைய வச்சுப் பாத்துட்டு ஊத்து. இந்தா, நீயும் பக்கத்துல உக்காரு."

அந்த வருடம் எங்களுக்குள் நடந்த மிக நீண்ட பேச்சு அதுதான்.

சங்கத்துக் குராவோக்கா வாசலில் நின்று கேலி செய்தார்: "என்னப்பா தெய்ஸோ, சமையல்கட்டுப் பக்கமே குடியேறிட்டியா? சங்கத்துல உன் நாற்காலியில பூனை படுத்துத் தூங்குது."

"தூங்கட்டும். உன்னைவிட அதுக்கு மீனைப் பத்தி அதிகம் தெரியும்," என்றார் இவர். நான் சிரித்தேன். இவரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பட்டினி போட்டதில் முதலாளி நிமிர்ந்து நீந்தினார். இவர் தொப்பியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் தொட்டிக்குள் ஒரு பிடி உலர்ந்த இரை போட்டேன். பிறகு இன்னொரு பிடி. உள்ளே போய் ஊறி உப்புகிற இரை. மறுநாள் வயிறு மேலே வந்துவிட்டது. தொப்பி ஆணிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மீன் தேறும்போதெல்லாம் அப்படித்தான் செய்தேன். பசித்த ஜீவனுக்குச் சாப்பாடு போடுவதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள்.

ஒருமுறை அது நிமிரவேயில்லை. இவர் அழுதார். என் தோளில்தான் சாய்ந்து அழுதார். ஆனால் மீனைப் புதைத்த வாரமே மறுபடி சங்கம், மறுபடி இருட்டு. எனக்கு மறுபடி கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அது உங்களுக்கே தெரியும். சமையல் என் கையில். வேகவைத்த பூசணியில் அரிசிப்பாகு ஊற்றினால் நிறமே மாறாது.

"என்ன இது, இவ்வளவு இனிப்பா இருக்கு?"

"இந்த வருஷத்துப் பூசணி அப்படிங்க. இன்னொரு கரண்டி வைக்கட்டுமா?"

வை என்றார். நான் வற்புறுத்தவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். சில நாள் மறந்துபோனேன். மறக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்திருந்து மறந்தேன்.

முதலில் கால்விரல் மரத்தது, பிறகு புண் வந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதிலிருந்து வீடு ஒழுங்காகிவிட்டது. காலையில் முகம் துடைத்துவிடுவேன், பகலில் முதுகு தேய்த்துவிடுவேன், சாயங்காலம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து துணி மடிப்பேன். மருத்துவமனையில் ஒருத்தர்கூட என்னைப் பாராட்டாமல் விட்டதில்லை. நீங்களும் பாராட்டினீர்கள்.

இன்று வலது பாதம் கறுத்திருப்பதைப் பார்த்தீர்கள். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "அம்மா, சாப்பாட்டுல யாராவது இனிப்பு கலக்குறாங்களா?" என்று கேட்டீர்கள். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர்களில் ஒருவரால் அடுப்புவரை நடக்க முடியாது.

நான்தான் கலந்தேன். மாத்திரையை நிறுத்தியதும் நான்தான். இந்தப் பாதமும் போகும் என்று தெரிந்தேதான் நேற்றும் ஊற்றினேன். இவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள், தெரிகிறது. அதற்கு முன் ஒன்று மட்டும் யோசியுங்கள். என்னைவிட்டால் இவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

நேற்றிலிருந்து கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்கிறார். எனக்கு அதில் கோபமில்லை. கதவிடுக்கில் பாருங்கள், விழித்துத்தான் இருக்கிறார். நான் அடுப்படிக்குப் போனாலும் வாசலுக்குப் போனாலும் அந்தக் கண்கள் என்கூடவே வருகின்றன. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இப்படிப் பார்த்ததேயில்லை.