பூவுக்குப் பதிலாக

“ஹலோ... ஆமா, வெர்லீன் டாகெட்தான்... ஆமா, ஆமா, நான்தான் பூட்டினேன்... இல்ல தம்பி, சாவி தொலையல. என் கையிலதான் இருக்கு... தெரியாம பூட்டல. தெரிஞ்சுதான் பூட்டினேன்.”

அரசாங்கப் பணத்தில் தனியே நடக்கும் பிளம் தெருச் சார்ட்டர் பள்ளியின் அலுவலக அறையில் நின்றபடி வெர்லீன் பேசினாள். உட்கார நாற்காலி இல்லை. மேசையும் இல்லை. காலையிலேயே இரண்டும் லாரிக்குப் போய்விட்டன. தொலைபேசியை யாரோ ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் சுருள் கம்பி விட்ட தூரத்துக்குள் அவள் அங்குமிங்கும் நடந்தாள்.

“நீ யாருன்னு சொல்ல வேண்டாம், பிரைஸ். மூணு வருஷமா இந்தக் குரலக் கேக்கறேன்... நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா?... ரொம்ப சந்தோஷம். விஷயத்துக்கு வா.”

பிரைஸ் ஹாலண்டர், கார்ஸ்டன் கம்பெனியின் கொலம்பஸ் அலுவலகத்தில் இருப்பவன். பள்ளியை நடத்தியது கார்ஸ்டன். பள்ளிக்கு உரிமம் வாங்கியது ஊர்க்காரர்கள் ஐந்து பேர் கொண்ட போர்டு. அதன் தலைவி வெர்லீன். சம்பளம் கிடையாது. அவளுக்குச் சோறு போடுவது வேறு தொழில். டேட்டன் நகரின் மேற்குப் பக்கத்தில் டாகெட் அடக்க நிலையத்தைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் அவள் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

முந்தைய நாள் மாலை போர்டு கூடிக் கார்ஸ்டனை நீக்கியது. வெள்ளி காலை லாரி வந்து நின்றது.

“ஓட்டு போட்டோம்... ஆமா, ஆமா, அஞ்சு பேரும்தான். சலூன் வச்சிருக்கிற எர்ல் கூடக் கையத் தூக்கினான். அவன் சாப்பாட்டுக்கு உப்புப் போடலாமா வேண்டாமான்னே ரெண்டு நாள் யோசிக்கிற ஆளு. அவன் கையே மேல போயிடுச்சுன்னா பாத்துக்கோ... அவசரமா? படிக்கச் சொல்லிக்குடுக்க ஒரு டீச்சர் போடுன்னு ஒரு வருஷமா கேட்டோம். அவசரப்படலியே... ஆள் கிடைக்கலியா. சரி. அங்க புதுசா ரெண்டு பள்ளிக்கூடம் திறக்கறியே, அதுக்கு மட்டும் எங்கருந்து கிடைச்சாங்க?”

பதில் நீளமாக வந்தது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள். நிலையத்துக்கு வரும் இறந்தவரின் உறவினர்கள் சவப்பெட்டி விலையில் பேரம் பேசும்போதும் இப்படித்தான் நிற்பாள். பேசி முடிக்கட்டும் என்று.

“முடிஞ்சுதா?... வளர்ச்சி. ஆமா, ஆமா, கேட்டேன். ஆறு தடவ சொன்ன அந்த வார்த்தைய... நாற்காலி உங்களோடதுதான். யார் இல்லைன்னா? வக்கீல் நேத்தே சொல்லிட்டார். நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு மட்டும் பாரு. அரசாங்கம் புள்ள தலைக்கு இவ்வளவுன்னு எங்ககிட்டத் தருது. நூறு வந்தா தொண்ணூத்தஞ்ச அன்னைக்கே உங்ககிட்டக் குடுத்துடறோம். அதுல நீங்க நாற்காலி வாங்கறீங்க. வாங்கினது நீங்கங்கறதால அது உங்களோடது. அப்படித்தான?... ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க... இல்ல, வாழ்த்துதான் சொல்றேன். என் தொழில்ல இவ்வளவு சாமர்த்தியமா ஒருத்தனையும் பாத்ததில்ல.”

கட்டடம் மட்டும் கம்பெனியுடையது அல்ல. மாதா கோயிலுக்குச் சொந்தமான பழைய பள்ளிக்கூடம் அது. கோயிலிலிருந்து வாடகை ரசீது நேராகப் போர்டின் பெயருக்கு வரும். சுவரும் கூரையும் அதனால் தப்பின. மற்றபடி கரும்பலகை வரை கழற்றியாயிற்று. பலகை இருந்த இடங்களில் சுவர் வேறு நிறமாக இருந்தது.

“கிடங்குல பத்திரமா வைக்கப்போறியா. சரி, சரி... பாவம், நாற்காலிக்கும் ஓய்வு வேணும்தான்.”

வாசலில் லானி வந்து நின்றான். லாரி அவனுடையது. கம்பெனி அன்றைக்கு வாடகைக்கு எடுத்திருந்தது. மழலை வகுப்பின் குட்டி நாற்காலிகளைத் தலைக்கு மேல் உயரமாக அடுக்கித் தள்ளுவண்டியில் சாய்த்துப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். அவன் அப்பாவை அடக்கம் செய்தவள் அவள். தவணையில்தான் பணம் கட்டினான். ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, லாரி எங்கே போகிறது என்று கேட்டாள். லானி தரையைப் பார்த்தான். கிடங்குக்கு இல்லை என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய கம்பளக் கடை இருந்த இடத்தில் கார்ஸ்டன் திறக்கும் புதுப் பள்ளிக்கு. இறக்கி, வகுப்பு வகுப்பாகப் போட்டும் கொடுக்க வேண்டுமாம். திங்கள்கிழமை அங்கே பாடம் தொடங்குகிறதாம்.

அவள் கையை எடுத்தாள்.

“பிரைஸ்... கிடங்குக்கு ஜன்னல் இருக்கா?... இல்ல, சும்மாதான் கேக்கறேன். கரும்பலகை மாட்டற கிடங்கு எப்படி இருக்கும்னு பாக்க ஆச... யார் சொன்னா என்ன? லாரி ஓட்டறவனுக்குப் போற எடம் தெரியாதா?... இப்பப் புரியுது. இன்னைக்குச் சாயங்காலம் பெத்தவங்க டீச்சரப் பாக்க வர்ற நாள். புள்ளைங்களுக்கு லீவு. அதப் பாத்துத்தான் லாரி அனுப்பியிருக்க. வர்றவங்க வெறும் ரூமப் பாப்பாங்க. வாசல்ல உன் ஆளு நோட்டீஸ் குடுப்பான். திங்கக்கிழம ஆத்தத் தாண்டிடுவாங்க... நாற்காலிக்குப் பின்னால புள்ளைங்க, புள்ளைங்களுக்குப் பின்னால பணம். நல்லாத்தான் ஓட்டற மந்தைய.”

அவன் மறுத்தான் போலிருக்கிறது. வெர்லீன் பல் தெரியச் சிரித்தாள். அது அவள் துக்க வீட்டில் ஒருபோதும் சிரிக்காத சிரிப்பு.

“அவங்க விருப்பமா... ஆமா, ஆமா, விருப்பம்தான். தட்ட எடுத்துட்டுப் போயிட்டு, பசிச்சா பக்கத்து வீட்டுக்குப் போறது உன் விருப்பம்னு சொல்ற மாதிரி... நான் கத்தல தம்பி. நான் கத்தினா உனக்கு போனே தேவப்படாது.”

பேச்சு பூட்டிய அறைக்குத் திரும்பியது. அவன் அழைத்ததே அதற்குத்தான். நடைபாதையின் கடைசியில் வாசிப்பு அறை. அதை மட்டும் காலையில் லாரிக்காரர்கள் வருவதற்கு முன் அவள் பூட்டியிருந்தாள். நாற்காலிக்கு அவள் சண்டை போடவில்லை. மேசைக்குப் போடவில்லை.

“அது வேற கணக்கு. அது உன் காசுல வாங்கினது இல்ல... மிஸ் ஒடெஸா பேர்ல வந்த பணம். ஊரே குடுத்தது. நம்பலேன்னா வந்து பாரு, ஒவ்வொரு புத்தகத்துலயும் மொதப் பக்கத்துல ஒட்டியிருக்கு, ஒடெஸா பிரிம் நினைவாகன்னு.”

ஒடெஸா பிரிம் இந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள். எழுத்தே ஏறாது என்று வேறு பள்ளிகள் அனுப்பிவிட்ட பிள்ளைகளை மடியில் உட்காரவைத்து வாசிக்க வைத்தவள். போன குளிர்காலத்தில் பள்ளிக்கு வரும் வழியில், காருக்குள்ளேயே இறந்துபோனாள். அடக்கத்தை வெர்லீன்தான் நடத்தினாள். பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிவிப்பையும் அவள்தான் எழுதினாள். இந்த ஊர் வழக்கம் அது. பூ வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டால், கடைசி வரியில், பூவுக்குப் பதிலாக இன்னாருக்குக் கொடுங்கள் என்று போடுவார்கள். பிளம் தெருப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று போட்டாள். கொடுத்தார்கள். பேருந்து ஓட்டுகிறவர்கள், மருத்துவமனையில் துணி துவைக்கிறவர்கள், ஒடெஸாவிடம் படித்து இப்போது பிள்ளை பெற்றவர்கள். பள்ளியின் பெயருக்குக் காசோலை எழுதினார்கள்.

“என்ன சொன்ன?... திரும்பச் சொல்லு... பள்ளிக்கூடத்துப் பேர்ல வந்ததுன்னா... அதுலயும் தொண்ணூத்தஞ்சா?... நீதான் வாங்கின. உன் பேர்ல பில்லு... அலமாரியும்... ஆமா... ஆமா...”

முதல் முறையாக அவள் நடையை நிறுத்தினாள்.

பள்ளிக்கு வரும் எல்லாப் பணமும் போகும் வழியில்தான் அந்தப் பணமும் போயிருக்கிறது. வேறு வழியே கிடையாது. அவளுக்கு அது தெரியாத விஷயமும் அல்ல. அறிவிப்பை எழுதும்போது நினைவில்லை, அவ்வளவுதான். தன் நிலையத்தின் பெயரைப் போட்டிருக்கலாம். கோயிலின் பெயரைப் போட்டிருக்கலாம். ஒரே ஒரு வரி.

“பிரைஸ்... இங்க பாரு. நாற்காலி எடுத்துக்கோ. பலகைய எடுத்துக்கோ. நான் குறுக்க நிக்கல. புத்தகத்த மட்டும் விட்டுடு... கேக்கறேன்னே வச்சுக்கோ. ஆமா, கேக்கறேன்.”

அந்தக் கடைசி வார்த்தை அவள் வாயில் பழக்கமில்லாத வார்த்தை. அவனும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஏனென்றால் அதன்பின் அவன் வெகுநேரம் மென்மையாகப் பேசினான். அவள் அவ்வப்போது ஒன்றிரண்டு சொற்களைத் திருப்பிச் சொன்னாள்.

“இன்னைக்கே... ஓட்ட வாபஸ் வாங்கினா... லாரி திரும்பிடும்... எல்லாம் அதது எடத்துல. சாயங்காலத்துக்குள்ள... டீச்சருமா? ஒரு வருஷமா கிடைக்காத டீச்சர் ஒரு போன்ல கிடைச்சுட்டாளே. எங்க ஒளிச்சு வச்சிருந்த?... ம்... ம்...”

கேலி வந்தது, ஆனால் பழைய வேகத்தில் வரவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். லாரிக்குள் வண்ண வண்ணமாய்ப் பிள்ளைகளின் நாற்காலிகள். போர்டின் மற்ற நான்கு பேரைக் கூப்பிட்டால் போதும். எர்லின் கை இறங்குவதற்கு அரை நிமிடம் ஆகாது. மாலையில் பெற்றோர் வருவார்கள், உட்காருவார்கள், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. கார்ஸ்டன் மட்டும் இருக்கும். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும்.

அவள் பேசவில்லை. அவனும் காத்திருந்தான். அந்த அமைதி நீண்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கேளு தம்பி. எங்க தொழிலப் பத்தி ஊர்ல நல்லதா யாரும் சொல்ல மாட்டாங்க. சாவுல சம்பாதிக்கறவங்கன்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். ஆனா பெட்டி எறக்கிட்டா எறக்கினதுதான். காசு குடுக்காதவன் பெட்டியக்கூட நாங்க தோண்டி எடுத்ததில்ல. நீ என் தொழிலுக்கு வந்திருந்தா இந்த ஊர்ல செத்தவங்க எல்லாம் வெறும் மண்ணுலதான் கிடப்பாங்க. பெட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த பொணத்துக்குப் போயிருக்கும்... சிரிப்பு வரலியா? மூணு வருஷத்துல நான் சொன்ன நல்ல ஜோக்கு இதுதான்.”

அவள் குரல் திரும்பி வந்துவிட்டது. நடையும் திரும்பி வந்தது.

“நாற்காலிய வச்சு பயமுறுத்தற பாரு. என்கிட்ட நாற்காலிக்கா பஞ்சம்? எங்க கூடத்துல அடுக்கி வச்சிருக்கேன், மடக்கு நாற்காலி. அழறவங்க உக்கார்றது. கறுப்பா இருக்கும், கொஞ்சம் ஆடும். புள்ளைங்க உக்காரட்டும், ஒண்ணும் ஒட்டிக்காது. பத்தலேன்னா இந்தப் பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு கோயில்லயும் வாங்குவேன். எவன் இல்லைன்னு சொல்லுவான் என்கிட்ட? நாளைக்கு அவனும் என்கிட்டதான வரணும். ஓட்டு போட்டது போட்டதுதான். வாபஸ் கிடையாது. கேக்குதா?... கிடையாது... என்ன, வாய மூடிட்ட?... பிரைஸ்?... ஹலோ... ஹலோ...”

ரிசீவரில் இரைச்சல்கூட இல்லை. கட்டை மாதிரி கிடந்தது.

நடைபாதையில், சுவர்ப் பெட்டியின் முன்னால் லானி நின்றிருந்தான். கையில் சுருட்டிய கம்பி. தொலைபேசி இணைப்புகளும் தான் ஏற்றவேண்டிய சாமான்களில் சேர்த்திதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் பேசிக்கொண்டிருப்பது இந்தக் கம்பியில் என்று தெரியாதாம்.

பிரைஸ் எந்தச் சொல் வரை கேட்டான்? சவப்பெட்டிப் பேச்சு வரை கேட்டிருக்கலாம். அதற்கு முன்பே இணைப்பு அறுந்திருக்கலாம். அப்படியானால் அவன் கடைசியாகக் கேட்டது அவளுடைய மௌனம். ஒரு கெஞ்சலும், பின்னால் ஒரு மௌனமும். கொலம்பஸில் உட்கார்ந்து அதற்கு அவன் என்ன பொருள் எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். கைப்பேசி காரில் இருந்தது. போய் எடுத்து அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

நடைபாதையின் கடைசி வரை போனாள். வாசிப்பு அறையைத் திறந்தாள். அலமாரிகள் நிறையப் புத்தகங்கள். உள்ளே போகவில்லை.

“லானி, இதையும் ஏத்து” என்றாள். “ஒண்ணு விடாம. மூலை மடங்காமப் பாத்துக்கோ.”

அவன் நகரவில்லை. நிஜமாகவா என்று கேட்டான்.

“அங்க இறக்கறப்ப கம்பெனிக்காரன் இருப்பான். வெர்லீன் தானே திறந்து குடுத்துட்டாள்னு சொல்லு. கொலம்பஸ்ல இருக்கிறவனுக்கு, ஓட்டு வாபஸ் கிடையாதுங்கற என் பதில் அதுலயே போய்ச் சேந்துடும்.” சாவியை அவன் கையில் வைத்தாள். “இறக்கிட்டு, வெறும் லாரியோட நேரா எங்க நிலையத்துக்கு வா, மடக்கு நாற்காலிய ஏத்தணும். கூலி நான் தர்றேன். பெத்தவங்க வர்றதுக்குள்ள நாற்காலியெல்லாம் இங்க விரிச்சாகணும்.”