எருமைக்கு ஊதிய விசில்

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டில் ராயகிரி பஸ் நின்றது. எனக்கு முன் இருக்கையில், எண்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். ஒரு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

"கரி இன்ஜின் ஓட்டயில, நம்ம வீட்டத் தாண்டும்போது நீங்களும் எனக்காவ விசில் ஊதுவியல்லா" என்றார் மனைவி.

"அது உனக்கு ஊதுனது இல்லட்டி. எருமைக்கு ஊதுனது."

"எந்த எருமைக்கு?"

"நம்ம வீட்டுக்குப் பின்னால, தண்டவாளத்து ஓரமா ஒரு எருமை நிக்கும். குறுக்க வந்துரக் கூடாதுல்லா, அதுக்கு ஊதுனேன்."

"தெனமும் அதே எடத்துலயா நின்னுச்சு?"

"ஆமா. ஒரு நாளும் தப்புனதில்ல."

கேட்டைத் திறந்தார்கள். பஸ் நகர்ந்தது.

"அது மேலவீட்டு எருமை. உங்க வண்டி வார நேரம் பாத்து நாந்தான் கொண்டுபோய்க் கெட்டுவேன்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "எதுக்குட்டி?"

"கல்யாணமான புதுசுல நீங்க ஊதாமத்தான போனிய."

"இன்ஜின்ல அடிபட்டிருந்தா?"

"எப்படி அடிபடும்? தண்டவாளத்துக்கு எட்டாத கயிறாப் பாத்துல்லா கெட்டுனேன்."