சேவல் போட்ட பாவாடைகள்

— மூட்டையைக் கீழ வைங்க மேஸ்திரி. ஆம்பளை கையில பொம்பளைங்க பாவாடை... தெருவே பாக்குது.

— பாக்கட்டும். நான் விளையாட வரலை டல்சி. இதுல எது உன்னோடது?

— எங்க கிடைச்சுது?

— உனக்குத் தெரியாது?

— இன்னிக்குத் திங்கக்கிழமை. காலையிலேர்ந்து இந்தத் தொட்டிகிட்ட நின்னு துவைச்சுட்டிருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?

— சுரங்கத்துக்குள்ள. முதல் திருப்பத்துல. கூரையைத் தாங்கற முட்டுக்கு முட்டு கயிறு கட்டி... வரிசையாக் காயப் போட்டிருக்கு.

— அங்க எப்படிக் காயும்? கூரை சொட்டுமே.

— டல்சி...

— சரி, சொல்லுங்க. அப்புறம்?

— அப்புறம் என்ன, உங்க ஸ்ட்ரைக்கை உடைக்க ரயில்ல கூட்டிட்டு வந்த புது ஆளுங்க உள்ள போனாங்க. தலைவிளக்கு வெளிச்சத்துல பாவாடை ஆடுது. துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு வெளிய ஓடி வந்துட்டானுங்க.

— துணிதான் அங்கயே தொங்குதே.

— சிரிக்காதே. பொம்பளை கால் பட்ட சுரங்கத்துல இறங்க மாட்டோம், கூரை தலையில விழும்னு ஒரே அடம். மேனேஜர் கத்திப் பாத்தார், காவல்காரன் துப்பாக்கியைக் காட்டிப் பாத்தான்... ஒருத்தன் அசையலை. ஆபீஸ் வாசல்ல உக்காந்துகிட்டு ஊருக்குப் போற ரயில் எப்பன்னு கேக்கறான்.

— கருங்காலிக்கும் உயிர்மேல ஆசை இருக்குமில்ல. நீங்களும் ஒரு காலத்துல கரி வெட்டினவர்தானே. பாதிரியார் பொண்டாட்டி சுரங்க வாசல்ல எட்டிப் பாத்தாங்கன்னு மண்வெட்டியை வீசிட்டு வீட்டுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?

— அது... அன்னிக்கு எனக்குத் தலைவலி.

— எங்க வீட்டுக்காரர் ரான்சமுக்கும் அன்னிக்குத் தலைவலி. இறங்கின அத்தனை பேருக்கும் தலைவலி.

— பேச்சை மாத்தாதே. சாயங்கால ரயிலுக்குள்ள ஒரு பேர் வேணும்னு மேனேஜர் கேட்டிருக்கார். உள்ள போன பொம்பளை யாரோ, அந்த வீட்டுச் சாமானெல்லாம் ரோட்டுக்கு வந்துரும். வீடு கம்பெனியோடது.

— தெரியும். கட்டில் மட்டும்தான் எங்களோடது.

— அதான் சொல்றேன், பாத்து நடந்துக்க.

— இது ஏன் ஆம்பளைங்க பண்ணின வேலையா இருக்கக் கூடாது?

— ராத்திரி பூரா உங்க சங்கத்துக்காரங்க சர்ச்சுக்குள்ள இருந்தாங்க. சுத்தி எங்க காவல்காரங்க. ஒருத்தன் வெளிய வரலை. விடியற வரைக்கும் பாட்டு.

— அவ்வளவு நேரமா? ரான்சமுக்கு ரெண்டு பாட்டுதானே தெரியும்.

— அதையேதான் மாத்தி மாத்திப் பாடினானாம். காவல்காரனுக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

— பாவம். காபி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். எது உன்னோடது?

— பின்பக்கம் என்ன படம் இருக்கு?

— சேவல்.

— அதுல?

— அதுலயும் சேவல்தான்.

— கம்பெனிக் கடையில எங்களுக்கு விக்கிறது சேவல் மார்க் மாவு ஒண்ணுதான் மேஸ்திரி. சாக்கைப் பிரிச்சுத் தைச்சா எல்லாப் பொம்பளை பின்னாடியும் சேவல்தான் நிக்கும். யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க... ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கட்டிப் பாக்கச் சொல்வீங்களா?

— சீ.

— மேனேஜருக்கு ஆசைன்னா அவரே வரட்டும்.

— வாயை அடக்கு. காவல்காரன் காதுல விழுந்தா உன்னைத்தான் முதல்ல பிடிப்பான்.

— மூட்டையில எல்லாமே சேவல்தானா?

— ஆமா... எல்லாமே.

— நல்லாப் பாத்தீங்களா?

— நான்தான் அவுத்தேன், நான்தான் கட்டினேன். எல்லாமே சேவல்.

— மான் ஒண்ணும் இல்லையே?

— மானா?

— மேனேஜர், மேஸ்திரி இருக்கற மேட்டு வீடுகளுக்குத் தனியா வருமே, சலிச்ச மாவு, மான் மார்க். உங்க வீட்டுக்குக்கூட...

— எங்க வீட்டுல துணி வாங்கித் தைக்கிறோம்.

— சரிதான். வீட்டுல ஒர்ஃபா அக்கா எப்படி இருக்காங்க?

— அவளுக்கென்ன. ஜலதோஷம். காலையிலேர்ந்து தும்மல்.

— ஐயோ. ராத்திரி பனி அப்படி. உங்க கோட்டும் நனைஞ்சிருக்கே?

— கூரைத் தண்ணி சொட்டிருச்சு. நீ என் கோட்டை விடு.

— விட்டுட்டேன். ஆனா வாசல்ல துப்பாக்கி நிக்கிறப்ப பொம்பளைங்க எப்படி உள்ள போனாங்க?

— சுரங்கத்துக்குக் காத்து அனுப்பற மிஷின் வீட்டு வழியா. பூட்டு உடையலை. திறந்து, போயிட்டு வந்து, மறுபடி ஒழுங்காப் பூட்டியிருக்கு.

— சாவி யார்கிட்ட இருக்கும்?

— மேனேஜரும் இதையேதான் கேட்டார். ஆத்துல விழுந்து ஒரு மாசமாச்சுன்னு சொல்லியிருக்கேன்.

— விழுந்துதா?

— காலையில எங்க சமையக்கட்டு ஆணியிலதான் தொங்குச்சு. டல்சி... நீயே ஒத்துக்கக் கூடாதா? நீ ஒருத்தி ஒத்துக்கிட்டா மத்தவங்களை யாரும் தோண்ட மாட்டாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட நானே ஆள் அனுப்பறேன்.

— என் வயித்தைப் பாருங்க மேஸ்திரி. இது ஏழாம் மாசம். பனி கொட்டற நேரத்துல கூடாரத்துல பெத்துக்கவா? முதல் பிள்ளையைச் சுவரு இருக்கற வீட்டுலயே குளிருக்குக் குடுத்தேன். எனக்குப் பயமா இருக்கு, சிரிச்சுப் பேசினா பயம் இல்லைன்னு நினைச்சுட்டீங்களா?

— நினைக்கலை... நான் நினைக்கலைம்மா.

— எங்க ஆளுங்க என்ன கேட்டாங்க? தராசுகிட்ட எங்காளு ஒருத்தன் நிக்கட்டும்னாங்க. வண்டி நிறைய வெட்டிப் போட்டா கம்பெனிக்காரன் முக்கால் வண்டின்னு எழுதறான். அதுக்குப் போய்...

— எனக்குத் தெரியாதா? நானும் ரான்சமும் ஒரே விளக்குல வெட்டினவங்க. ஆனா எனக்கு இப்ப ஒரு பேர் வேணும்.

— சரி, பேரே சொல்றேன். முதல்ல பூட்டைத் திறந்தது யாருன்னா...

— வேண்டாம்.

— கேட்டீங்களே?

— அது வேண்டாம். திறந்தவ பேர் வேண்டாம். அவளுக்குக் கோவம் இன்னும் ஆறலை. சுரங்கக் கூரை விழுந்தப்ப முதல்ல கோவேறு கழுதையை இழுத்துட்டு வந்தாங்க, அப்புறம்தான் அவ தம்பியைத் தேடினாங்க. நானும் கயிறைப் பிடிச்சு இழுத்தேன்... கழுதையை. சொன்னாங்க, இழுத்தேன்.

— தெரியும் மேஸ்திரி. அக்கா எங்ககிட்ட அழுதாங்க.

— வேற பேர் சொல்லு.

— லூவீனி கிராஸ்.

— யாரு, கடைசி வீட்டு லூவீனியா? அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சே.

— புருஷனும் மகனும் செத்தது அதே முதல் திருப்பத்துலதானே? துவைச்ச துணியை அவங்ககிட்ட எடுத்துட்டுப் போயிருப்பா. கம்பெனி அவளை வீட்டை விட்டு விரட்டிக்கட்டும்.

— எந்த வீட்டை? அவ மேட்டுல, கல்லறையில இருக்கா.

— அதுவும் கம்பெனி நிலம்தானே. பெட்டியைத் தூக்கி ரோட்டுல வைக்கச் சொல்லுங்க.

— அடிப் பாவி... மேனேஜர் என்னைத் தோலை உரிச்சுருவார்.

— அவர் எதுக்கு? நீங்க ஆபீஸ் வாசல்ல நின்னு சொல்லுங்க. புது ஆளுங்க காதுல விழற மாதிரி, கொஞ்சம் சத்தமா.

— அப்படிச் சொன்னா சாயங்கால ரயிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டானுங்க. தண்டவாளத்து மேலயே நடந்துருவானுங்க.

— நடந்தா உடம்புக்கு நல்லது.

— ம்... லூவீனி கிராஸ். ஒரு சாட்சி வேணுமே.

— நீங்களே பாத்தேன்னு சொல்லுங்க. இப்பவே முகம் பேயைப் பாத்த மாதிரிதான் இருக்கு.

— ரான்சம் உன்னை எப்படித்தான் வெச்சுக் குடித்தனம் நடத்தறானோ. வரேன். மூட்டை இங்கயே இருக்கட்டும்.

— மேஸ்திரி... கோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறதையும் போட்டுட்டுப் போங்க.

— என்ன ஒளிச்சு வெச்சிருக்கேன்? கூரைத் தண்ணின்னு சொன்னேன்ல.

— கூரைத் தண்ணி தோளை நனைக்கும், உள்பையை நனைக்காது. அந்த மான் பாவாடையைக் குடுங்க, அலசித் தரேன். கயிறுல கடைசியா ஒரு இடம் காலியா இருக்குன்னு ஒர்ஃபா அக்காதான் அங்கயே அவுத்து மாட்டினாங்க, பனியில நடுங்கிக்கிட்டே வீட்டுக்கு ஓடினாங்க... அடுத்த ரயில்ல ஆள் வந்தா மறுபடியும் வேணும்.