விக்கியில் இருந்த படம்

நோர்வூட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்: "அண்ணே, அண்ணி படத்த நான்தான் அழிச்சிட்டேன்."

மண்சரிவில் இறந்துபோன தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்களைப் பற்றி எல்லாரும் சேர்ந்து எழுத, அந்தப் பெண் இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிறார் என்பது அடுத்த பேச்சில் விளங்கியது.

"விக்கிக்குப் புது வெர்ஷன் போட்டேங்க. போட்டுட்டு, சர்வர்ல இருந்த பழைய ஃபோல்டர அழிச்சேன். படமெல்லாம் அதுக்குள்ளதான் இருந்திருக்கு. காப்பி எடுத்து வைக்கல. படம் அனுப்புனவங்கள கேட்டேன், அவங்களும் போன் மாத்திட்டாங்களாம்."

"என்கிட்ட வேற படம் இல்லியே தங்கச்சி. ஆல்பம் வீட்டோட மண்ணுக்குள்ள போயிருச்சு."

"தெரியுங்கண்ணே." அந்தப் பெண் அழுதார்.

பெரியவர் கேட்டார்: "அவளப் பத்தி எழுதுனது இருக்கா?"

"எழுத்து வேற எடத்துல இருந்துச்சு. அது அப்படியே இருக்குங்க."

"மூக்குத்தி எந்தப் பக்கம்னு எழுதியிருக்கா?"

செல்போனில் தேடிவிட்டு, "இல்லீங்க" என்றார்.

"இடது பக்கம். இப்பவே எழுதிரும்மா. எனக்கு அவ முகம் சரியா வர மாட்டேங்குது."