டோரீனின் கைப்பை

டோரீன் கோல்பெக்கைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பிடுங்கியவன் ஒருவன். அவனுக்கு இருட்டைக் கொடுத்தவர் இந்த மேடையில் இருக்கிறார். அவனைத் தப்பவிட்டவரும் இதே மேடையில் இருக்கிறார்.

இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் என்று முடிவுசெய்து வந்தேன். ஹாலோ லேன் குடியிருப்போர் சங்கத் தலைவரும் நகரமன்ற உறுப்பினருமான தோழர் லெனர்ட் ஃப்ரெய்ன் அவர்களே! காவல் கண்காணிப்பாளர் மெட்காஃப் அவர்களே! மூட்டுவலியோடு மாடி இறங்கி வந்திருக்கும் பெரியவர்களே! தனியாக வரப் பயந்து கூட்டமாகச் சேர்ந்து வந்த தாய்மார்களே, கூட்டமாகவே திரும்பிப் போகப்போகும் தாய்மார்களே! டோரீனின் பக்கத்து வீட்டுக்காரி லாரெய்ன் டவ்ஸ் உங்களை வணங்குகிறேன்.

டோரீன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். லண்டன் விழிக்கும் முன்னே விழித்து, இரண்டாம் மாடி நடைபாதை வழியாகப் போகிறவள். அந்த நடைபாதையில் விளக்கு இருக்கிறது; வெளிச்சம் இல்லை. கம்பம் இருக்கிறது, பல்பு இல்லை. நகரமன்றம் இருக்கிறது, நாணம் இல்லை!

முதல் தடவை பை பறிபோனபோது அவள் எங்கே போனாள்? இந்த மண்டபத்துக்குத்தான் வந்தாள், நம் சங்கக் கூட்டத்துக்கு. "ஒரு விஷயம் சொல்லணும், என் பையப் பிடுங்கிட்டாங்க" என்றாள். நம் தலைவர் என்ன சொன்னார்?

"சங்கடமாத்தான் இருக்கு டோரீன். ஆனா இது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லியே. வழிப்பறி, திருட்டுன்னு நாமளே பேசினா, நாளைக்கே இனவெறிக் கும்பல் கறுப்பர் மேல பழியப் போட்டு நோட்டீஸ் அடிச்சு ஒட்டும். இதெல்லாம் பேப்பர்காரன் கிளப்பிவிடுற பீதிம்மா."

"அப்ப என்னத் தள்ளிவிட்டது பேப்பர்காரனா?"

சிரித்தீர்கள். இப்போதும் சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்து முடித்து அடுத்த தீர்மானத்துக்குப் போனோம். நிகராகுவா! அமெரிக்கா மிரட்டும் அந்த ஏழை நாட்டுக்கு ஆதரவாக என் கை என்றைக்கும் உயரும். ஆனால் கடல் கடந்து நிகராகுவாவுக்கு எட்டிய நம் குரல், நம் இரண்டாம் மாடிக்கு எட்டவில்லையே!

பீதியா, நிஜமா என்று நாங்கள் சில பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பல கதவுகள் திறக்கவே இல்லை. சங்கிலிக்குப் பின்னாலிருந்து பேசினார்கள். ஒரு அம்மாள் கதவுத் துவாரம் வழியே கத்தினாள்: "திருட வந்தீங்கன்னா லேட்டும்மா, போன வாரமே வந்து துடைச்சிட்டுப் போயிட்டாங்க!" பொழுது சாய்ந்தால் வெளியே வராத பெண்கள், காதுத்தோட்டைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போகும் பெண்கள், வாசலில் இனவெறியர்கள் கொளுத்திப் போட்ட துணியை மிதித்து அணைத்த வங்காளக் குடும்பங்கள். இவர்களும் பீதியா தோழரே? இவர்களையும் பேப்பர்காரனா பெற்றான்?

பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரன் எந்தப் படிக்கட்டில் நிற்கிறான்? காட்டுங்கள், மாலை போடுகிறேன்! வேலையைப் பறித்தது அரசாங்கம். கடைக்கண்ணாடிக்குள் கலர் டிவியை வைத்து, பார், ஏங்கு, வாங்காதே என்றது வியாபாரம். அந்த ஏக்கமும் அந்தக் கோபமும் வளர்த்த கால் வந்து உதைப்பது யார் கதவை? அமைச்சர் கதவையா? முதலாளி கதவையா? எங்கள் கதவை! ஒரே உதையில் விழும் ஒட்டுப்பலகைக் கதவை! அவனைக் கெடுத்தது அநியாயம் என்பதும் உண்மை. அவன் செய்வது அநியாயம் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நமக்கு ஏன் கூசுகிறது?

பின்வரிசையில் யாரோ "எல்லாப் பயலையும் தூக்கில் போடு" என்கிறீர்கள். எவனைப் போடுவது ஐயா? போலீஸ் பிடித்திருப்பது கார்ல்டனை!

கேளுங்கள். இரண்டாவது தடவையும் அதே இருட்டு, அதே டோரீன். அவள் அலறியதும் மேல்மாடிக் கார்ல்டன் ஓடிவந்தான். பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் கறுப்புப் பிள்ளை. திருடனைத் துரத்தினான். திருடன் பையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். பையை எடுத்துக்கொண்டு படியேறி வந்த கார்ல்டனைப் போலீஸ் பிடித்தது.

டோரீன் ரத்தம் வழியும் முழங்காலோடு கத்தினாள்: "ஐயோ, அவன் இல்லய்யா! அவன்தான் பையை மீட்டுட்டு வர்றான்!"

சார்ஜென்ட் சொன்னார்: "அதிர்ச்சியில இருக்கீங்கம்மா, போய் ஒரு டீ குடிங்க."

டீ! பறிகொடுத்தவளின் சாட்சிக்கு இந்த நாட்டில் விலை ஒரு கோப்பை டீ!

கண்காணிப்பாளரே, இந்த மக்கள் வாயே திறப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டீர்களே, ஏன் திறப்பார்கள்? தகவல் சொன்னால் வேன் வருகிறது. திருடன் யார் என்று கேட்பதில்லை, கறுப்பன் எவன் என்று பார்க்கிறீர்கள். சுவரோரம் நிறுத்தி, பையைத் துழாவி, பரம்பரையைத் திட்டிவிட்டுப் போகிறீர்கள். நாளை ஒரு பெண் அலறினால் எந்தக் கார்ல்டன் ஓடிவருவான்? ஜன்னலை மூடிக்கொள்வான். நீங்கள் பூட்டியது ஒரு பிள்ளையை அல்ல, இந்தக் குடியிருப்பின் கடைசிக் கதவை!

எங்களுக்குப் போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழரே, முகம் சுளிக்காதீர்கள். வேண்டும்! கூப்பிட்டால் வருகிற போலீஸ், கேட்டால் பதில் சொல்கிற போலீஸ். விளக்கு வேண்டும், கதவு வேண்டும், அந்தப் பையன்களுக்கு வேலை வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று வேண்டும்.

திங்கட்கிழமை கார்ல்டன் கூண்டில் ஏறுகிறான். செய்யாத வழிப்பறிக்குச் சிறை போகப்போகிறான். டோரீன், எழுந்து நில்லும்மா. எல்லோரும் பார்க்கட்டும்.

கண்காணிப்பாளரே, பறிகொடுத்தவள் இதோ நிற்கிறாள். அவன் இல்லை என்கிறாள். வழக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்று இவள் முகத்தைப் பார்த்து இங்கேயே சொல்லுங்கள்.

தலைவரே, மணியிலிருந்து கையை எடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருளுக்குப் போக முடியாது. நன்றியும் வணக்கமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பதில் வந்தால் தருகிறேன்.

என்ன கண்காணிப்பாளரே, மடியிலிருக்கும் தொப்பியையே பார்க்கிறீர்கள்? இவளைப் பாருங்கள். முழங்கால் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நிற்கிறாள்.

சொல்லுங்கள்.