“இப்பத் தெரியுதா?” என்று கேட்ட பிச்சைமணி

மேடையில் வீற்றிருக்கும் ஏலக்காய் வியாபாரிகள் சங்கத் தலைவர் பெரியகருப்பன் அவர்களே! முன்வரிசையில் கலங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும் பிச்சைமணியின் துணைவியார், சகோதரி வீரலட்சுமி அவர்களே! குரங்கணியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பஸ்ஸேறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் தோழர்களே! போடி நகர நிருபர் மலைச்சாமி கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

இதே மண்டபத்தில் வாசகர் மன்ற ஆண்டு விழா நடத்தினேன். மைக்செட் வைத்தேன், ரோஸ்மில்க் உண்டு என்று தண்டோராகூடப் போட்டேன். பாதி நாற்காலி காலி! இன்றைக்குப் பாருங்கள், நிற்க இடமில்லை. செத்த பிறகும் என் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகிறாரே இந்த மனிதர்! தலைவர் அவர்கள் முகம் சுளிக்கிறார். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று நினைக்கிறார். எனக்குப் பிச்சைமணியைக் கண்டால் வயிற்றெரிச்சல் என்பது ஊரறிந்த சங்கதி. அதை மறைத்துப் பேசினால் நீங்களே சிரிப்பீர்கள். என்னைப் பேச அழைத்தவர் வீரலட்சுமிதான். “அண்ணே, உசுரோட இருந்தப்ப அவரப் பத்தி ஓயாமப் பேசுனது நீங்கதான். இன்னைக்கும் நீங்களே பேசுங்க” என்றார்.

‘காட்சிக் காவலர்’ பிச்சைமணி! இந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் தெரியுமா? அவரே தன் டி.வி. ரிப்பேர் கடைப் பலகையில் எழுதிக்கொண்டார். சாலிடரிங் வைக்கிறவருக்குப் பட்டுச் சட்டை எதற்கு? கழுத்தில் பவுடர் எதற்கு? கேட்டால், “செய்தி பாக்க ஊரே வருது, மாப்பிள்ள மாதிரி இருக்க வேணாமா?” என்பார். அத்தனை மினுக்கு!

அவர் டி.வி. வைப்பதற்கு முன்னால் இந்த ஊருக்குச் செய்தி யார்? நான்! மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர்க் கட்டு வரும். டீக்கடையில் நின்று நான் விரித்துப் படித்தால்தான் உலகத்தில் எங்கே குண்டு வெடித்தது என்று போடிக்குத் தெரியும். அப்புறம் இவர் குரங்கணி சாலையில் தன் கடை மாடியில் பனை உயரத்துக்குப் பைப்பை நட்டார். ஆன்டெனாவைக் கட்டினார், பூஸ்டரைப் போட்டார், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் இலங்கைச் செய்தியைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலையில் நான் பேப்பரை விரித்தால், “அதத்தான் நேத்தே பாத்துட்டோமே” என்று வடையைக் கடித்தார்கள். என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

என்ன பார்த்தார்கள்? அக்கரைச் செய்தி ‘பயங்கரவாதிகள்’ என்றது. அதே ஆட்களை எங்கள் பேப்பர் ‘போராளிகள்’ என்று எழுதியது. வடக்கே பஸ்ஸை மறித்துச் சுட்டவர்களை டெல்லிச் செய்தி ‘தீவிரவாதிகள்’ என்றது. சுட்டவனுக்கு இத்தனை பெயர்! செத்தவனுக்கு? அவன் பெயரை யாருமே சொல்லவில்லை. இத்தனை பேர் பலி என்பார்கள், மறு வரியிலேயே கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.

இங்கேதான் பிச்சைமணி என்னை முந்திக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் கால் கழுவாமல் வாசப்படி ஏறுவோமா? டி.வி.யில் பிணத்தைப் பார்த்தாலும் அது சாவுதானே என்று கடை வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டியை வைத்தார். என்றைக்குச் செய்தியில் பிணம் காட்டினாலும், பார்த்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். டீக்கடையில் நான் எப்படிச் சிரித்தேன்! “பொட்டிக்குள்ள கெடக்குற பொணத்துக்கு என்னய்யா தீட்டு?” என்றேன். ஆனால் தாய்மார்கள் கழுவினார்கள். அப்புறம் ஆண்களும் கழுவினார்கள். என் செய்தியைப் படித்துவிட்டு இந்த ஊரில் யாராவது கால் கழுவியிருக்கிறீர்களா? பஜ்ஜி எண்ணெயை ஒத்தி எடுத்தீர்கள், அவ்வளவுதானே!

ஒரு நாள் அக்கரைச் செய்தியில் ராணுவ லாரி ஒன்று கவிழ்ந்து எரிந்தது. பக்கத்தில் சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். நம் சின்னச்சாமி விசிலடித்தார். அதோ தூணோரம் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். பிச்சைமணி பட்டென்று டி.வி.யை அணைத்தார்.

“டேய், எழவு வீட்டுல விசிலடிப்பியாடா?”

“நம்ம சனத்தச் சுட்டவெய்ங்கண்ணே!”

“சுட்டவன் செத்தாலும் எழவு எழவுதான்டா. அவனுக்கும் ஆத்தா இருப்பா. போ, போயிக் காலக் கழுவிட்டு வா.”

சின்னச்சாமி போய்க் கழுவினார். கொதிப்பு எனக்குத்தான். அப்படி ஒரு வார்த்தை என் பேனாவில் ஏன் வரவில்லை? வந்திருந்தால் தலைப்பாகவே போட்டிருப்பேனே!

இப்போது மாயக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி, நம் மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பெண். தம்பி கன்னையன் அங்கேயே நின்றுவிட்டான். கடுதாசியும் நின்றுபோனது. அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். “அண்ணே, பேப்பர்ல அவன் பேரு வந்திருக்கா பாருங்க” என்றாள். ‘பலர் பலி’ என்றுதான் இருந்தது. பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பிச்சைமணி கடைக்குப் போனாள். அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வலித்தது, ஐயா! அன்றிலிருந்து எஸ்டேட் ஜீப்பு இறங்கும்போதெல்லாம் அவள் அந்த டி.வி. முன்னால் இருந்தாள்.

அந்த டி.வி.யில் ஒரு கோளாறு உண்டு. அலை மலையில் பட்டுத் திரும்பும்போது படம் இரட்டையாக விழும். செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு தலை இருக்கும். செத்தவர் ஒருவர் என்றால் இருவராகத் தெரிவார். நம் சனம் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு இரட்டிப்பாக அழும். பிச்சைமணிக்கு அது பொறுக்காது. “செத்தவெய்ங்க போதாதா, நம்ம வேற கூட்டணுமா?” என்று மாடிக்கு ஓடுவார். பைப்பைத் திருப்பிக்கொண்டே, “இப்பத் தெரியுதா?” என்று கத்துவார். கீழே மொத்தச் சனமும், “இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!” என்று கத்தும். கடைசியில், “தெரியுது! தெரியுது!” என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், தெருக்கோடியில் தனியாக டீ குடித்துக்கொண்டிருக்கும் என் காதில் அது வந்து அறையும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடிக்காற்று மரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. தலைப்புச் செய்தியிலேயே அக்கரையில் ஒரு பஸ் நிலையத்தில் குண்டு. படம் இரட்டை இரட்டையாக ஆடியது. மாயக்காள் எழுந்துவிட்டாள். “அண்ணே, மூஞ்சி தெரியலண்ணே!” என்றாள். விவரம் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று பிச்சைமணி மாடியேறினார். “இந்தக் காத்துல வேணாம்” என்று வீரலட்சுமி தடுத்தார். “வெரசா வந்துர்றேன்” என்றார் அவர்.

“இப்பத் தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம்ணே!”

“இப்ப?”

படம் தெளிந்தது. வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மாயக்காள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “தெரியுதுண்ணே! அவன் இல்லண்ணே! எந்தம்பி இல்லண்ணே!” என்று அலறினாள். அந்தச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. காற்று பைப்பைச் சாய்த்தது. பைப்போடு அவரும் விழுந்தார்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு யாரும் கால் கழுவவில்லை. தொட்டித் தண்ணீர் அப்படியே கிடந்தது.

ஐயோ பிச்சைமணி! உன்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேனே! ‘டி.வி. மெக்கானிக் தவறி விழுந்து சாவு’ என்று மூன்று வரி போட்டார்கள். உன் பெயரைக்கூட விட்டுவிட்டார்கள். பெயரில்லாத சாவுக்கெல்லாம் நீ காலைக் கழுவச் சொல்வாயே, உன் சாவையும் அது மாதிரியே ஆக்கிவிட்டார்கள்!

காரியம் முடிந்து வரும்போது மாயக்காள் என் கையைப் பிடித்தாள். “அண்ணே, இனிமே செய்தி போடுவீகளா?” என்று கேட்டாள். இத்தனை காலம் கழித்து என்னிடம் வந்தாள், வந்து அவர் டி.வி.யைத்தான் கேட்டாள்! அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. எரியட்டும்.

சபையோர் முன்னிலையில் சொல்கிறேன். நாளைச் சாயங்காலம் அந்தக் கடை திறக்கும், சகோதரி சம்மதித்துவிட்டார். பைப்பை இரும்புக் கம்பி இழுத்துக் கட்டி நடுகிறோம். மாடியேறிப் பைப்பைத் திருப்பப்போவது ரேடியோ கடை ஜக்கையன். தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பவன் இந்த மலைச்சாமி. பிணம் காட்டினால் முதல் ஆளாகக் கால் கழுவுகிறவனும் நான்தான். மாயக்காளுக்குத் தம்பி முகம் கிடைக்கிறவரை, கிடைக்காவிட்டால் அதற்கு அப்புறமும்.

மேலேயிருந்து ஜக்கையன், “இப்பத் தெரியுதா?” என்று கேட்பார். அந்தக் கூட்டத்தோடு ஒரு நாளும் சேர்ந்து கத்தாத நான், நாளைக்குக் கத்துவேன். தெரியுது, பிச்சைமணி! நல்லாத் தெரியுது!